சாரா பிரைட்மன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"டைம் டு சே குட்பை" பாட்டை எங்கேயாவது கேட்டுவிட்டு "யார் இந்தம்மா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் இசை படித்தவன் இல்லை, வெறும் ரசிகன். ஆனால் கண்மூடித்தனமான ரசிகனும் இல்லை, அது போகப் போகத் தெரியும்.

முதலில், யார் இவர்?

இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபர்ட்ஷயரைச் சேர்ந்த பெர்க்கம்ஸ்டெட் ஊரில் 1960 ஆகஸ்ட் 14 அன்று பிறந்தவர். ஆறு பிள்ளைகளில் மூத்தவர். டிஸ்கோ நடனக்குழுவில் ஆடியிருக்கிறார், லண்டன் மேடையில் பூனை வேஷம் கட்டியிருக்கிறார், "தி பேண்டம் ஆஃப் தி ஓபரா" நாடகத்தின் முதல் கிறிஸ்டீன் இவர்தான். இரண்டு ஒலிம்பிக் விழாக்களில் பாடியவர். விண்வெளிக்குப் போக ரஷ்யாவில் பயிற்சி எடுத்துவிட்டுப் போகாமல் திரும்பியவர். கிளாசிக்கல் கிராஸ்ஓவர் என்ற பெயரைச் சொன்னால் பெண் குரலில் முதலில் நினைவுக்கு வருபவர்.

கிளாசிக்கல் கிராஸ்ஓவர் என்றால் என்ன?

மேற்கத்திய சாஸ்திரிய இசைக்குப் பழகிய குரலும் இசைக்கருவிகளும், பாப் பாட்டின் நீளம், தாளம், ஒலிப்பதிவு முறை ஆகியவற்றோடு சேர்வது. அது இரண்டு பக்கமும் நடக்கும். ஓபரா பாடகர் ஒருவர் ஜனரஞ்சகப் பாட்டைப் பாடினாலும் கிராஸ்ஓவர்தான். பாப் பாடகி ஒருவர் புச்சினியின் ஓபரா பாட்டை டிரம்ஸோடு பாடினாலும் கிராஸ்ஓவர்தான். பிரைட்மன் வந்தது இந்த இரண்டு வழியிலும் இல்லை. நடனத்திலிருந்து, மேடை நாடகம் வழியாக வந்தார். இவரைப் பற்றிய பாதிக் குழப்பம், பாதிச் சண்டை, இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காததால் வருவது.

அப்படியானால் இவர் ஓபரா பாடகி இல்லையா?

இல்லை. குரல் வகையில் சொப்ரானோ, அதாவது பெண் குரல்களில் உயர்ந்த வகை. பிற்காலத்தில் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளி ஆசிரியை எல்லென் ஃபாலிடம் பாட்டும் கற்றார். ஆனால் தொழில் என்ற அளவில் ஓபரா பாடகி அல்ல. 1980களின் நடுவில் லேஹாரின் "தி மெரி விடோ"வில் வாலன்சியென்னாகப் பாடியதுதான் அந்தப் பக்கம் அவர் அதிகம் நெருங்கிப் போனது. அதுவும் ஓபெரெட்டா, ஓபராவின் லேசான தங்கை.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றால், மைக்கில். ஓபரா மேடையில் மைக் கிடையாது. அறுபது, எழுபது பேர் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ரா கீழே குழியில் இருக்கும், அதைத் தாண்டிக் கடைசி வரிசைவரை குரல் போக வேண்டும். அதற்காகவே தொண்டையையும் வாயையும் ஒரு விதமாகத் திறந்து வைத்துப் பாடப் பழகுகிறார்கள். நன்றாகப் பழகிய குரலில் 3,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ஒலியின் சக்தி குவிகிறது. ஆர்கெஸ்ட்ராவுக்கு அந்த இடத்தில் பலம் குறைவு, நம் காதுக்கோ அங்கேதான் கூர்மை அதிகம். கத்தாமலே குரல் மேலே தெரிவது அதனால்தான். சொப்ரானோக்கள் மிக மேலே போகும்போது உயிரெழுத்துகளையே வளைத்துக்கொள்வார்கள். ஓபராவில் உச்சத்தில் வார்த்தை புரியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மைக் இருந்தால் இது எதுவும் கட்டாயமில்லை. அதற்குப் பதில் வேறு ஒரு வேலை சாத்தியமாகிறது: காதோரம் கிசுகிசுப்பது. மூச்சுக் காற்று கலந்த மெல்லிய குரலில் ஆரம்பித்து, அதே பாட்டில் தலைக்கு மேல் எழும்பும் கிளாசிக்கல் குரலுக்கு மாறுவது. மைக் இல்லாத மேடையில் அந்த முதல் பாதி மூன்றாவது வரிசைக்குக் கூடக் கேட்காது. பிரைட்மனுடைய கலை முழுக்க அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. ஆக, மைக்கை அவருடைய குறை என்று சொல்பவர்கள் அவருடைய வாத்தியத்தையே குறை என்கிறார்கள்.

நடனத்திலிருந்து வந்தவர் என்றால், எப்போது ஆரம்பித்தார்?

மூன்று வயதில். பாலே வகுப்பு. 1973ல், பதின்மூன்று வயதை ஒட்டி, லண்டன் பிக்கடில்லி தியேட்டரில் "ஐ அண்ட் ஆல்பர்ட்" என்ற மியூசிக்கலில் மேடையேறினார். விக்டோரியா மகாராணியும் அவர் கணவரும் பற்றிய கதை. பதினாறு வயதில் தொலைக்காட்சியில் ஆடும் பான்ஸ் பீப்பிள் குழு, அப்புறம் ஆர்லீன் ஃபிலிப்ஸ் நடத்திய ஹாட் காஸிப் குழு. இந்த இரண்டாவது குழு அந்தக் காலத்து பிரிட்டிஷ் வீடுகளில் முகம் சுளிக்க வைத்த குழு, உடையும் ஆட்டமும் அப்படி.

1978ல் ஹாட் காஸிப்போடு "ஐ லாஸ்ட் மை ஹார்ட் டு எ ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்" என்று ஒரு டிஸ்கோ பாட்டு. விண்கலச் சிப்பாயிடம் மனதைப் பறிகொடுத்த பெண் பாடுவது. பிரிட்டிஷ் பட்டியலில் ஆறாவது இடம் வரை போனது. இன்று கேட்டால் சிரிப்புதான் வரும், ஆனால் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதே மெல்லிய மூச்சுக் குரல் அங்கேயே இருக்கிறது. பின்னால் சாஸ்திரிய முலாம் பூசிக்கொண்டார் என்பதைவிட, அந்தக் குரலுக்கு மேலே இன்னொரு மாடி கட்டினார் என்பதுதான் சரி.

ஆண்ட்ரூ லாயிட் வெபரைக் கல்யாணம் செய்துகொண்டதால்தானே பெரிய ஆள் ஆனார்?

இதை ஏதோ ரகசியம் உடைப்பதுபோலக் கேட்கிறார்கள். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

1981ல் பிரிட்டிஷ் மேடை இசையமைப்பாளரான லாயிட் வெபரின் "கேட்ஸ்" லண்டனில் அரங்கேறியபோது பிரைட்மன் அதில் ஜெமைமா என்ற குட்டிப் பூனை. சின்ன வேஷம். இசையமைப்பாளர் அவரை அப்போது பெரிதாகக் கவனிக்கவில்லை. 1982ல் சார்லஸ் ஸ்ட்ரௌஸ் இசையமைத்த "நைட்டிங்கேல்" என்ற நாடகத்தில் பிரைட்மன் தலைப்புப் பாத்திரம் பாட, பத்திரிகைகள் பாராட்டி எழுத, தன் சொந்த நாடகத்தில் ஆடிய பெண்ணின் குரலைக் கேட்க லாயிட் வெபர் இன்னொருவருடைய நாடகத்துக்கு டிக்கெட் வாங்க வேண்டியதாயிற்று. 1984 மார்ச்சில் கல்யாணம், இருவருக்கும் இரண்டாவது. 1990ல் விவாகரத்து.

நடுவில் இருந்த ஆறு வருடங்களில் இரண்டு பெரிய படைப்புகளை அந்தக் குரலை மனதில் வைத்தே அவர் எழுதினார். அந்தக் கதவு மனைவி என்பதால் திறந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் இன்று இவரை உலகம் அறிந்திருக்கும் பாட்டு, விவாகரத்து ஆகி ஆறு வருடம் கழித்து, வேறு நாட்டில், வேறு ஆட்களோடு வந்தது. இதை மட்டும் கேள்வி கேட்பவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அந்த இரண்டு படைப்புகள் எவை?

முதலாவது "ரெக்வியம்". இறந்தவர்களுக்கான லத்தீன் பூசைப் பாடல்களுக்கு இசை. லாயிட் வெபரின் தந்தை 1982ல் இறந்ததும் அதற்கு ஒரு காரணம். 1985 பிப்ரவரி 24 அன்று நியூயார்க் செயின்ட் தாமஸ் தேவாலயத்தில் முதல் நிகழ்ச்சி. லோரின் மாசெல் ஆர்கெஸ்ட்ராவை நடத்த, ஓபரா பாடகர் ப்ளாசிடோ டொமிங்கோவும் பிரைட்மனும் சிறுவன் பால் மைல்ஸ்-கிங்ஸ்டனும் பாடினார்கள். அதில் "பியே ஜேசு" என்ற பகுதி மட்டும் தனி இசைத்தட்டாக வந்து பிரிட்டனில் மூன்றாவது இடம் பிடித்தது. லத்தீன் பாட்டு, டிஸ்கோ பாட்டைவிட மேலே! பிரைட்மனுக்கு சிறந்த புதிய கிளாசிக்கல் கலைஞர் என்ற கிராமி பிரிவில் பரிந்துரையும் கிடைத்தது. பரிசு வேறொருவருக்குப் போனது.

என் கணக்கில் அவர் பாடியதிலேயே சுத்தமான பாட்டு இதுதான். சிறுவன் குரலும் பெண் குரலும் மாறி மாறி, பிறகு ஒன்றாக வரும். சில இடங்களில் எது யாருடையது என்று பிரித்துச் சொல்லக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். அதிர்வு இல்லாத நேரான குரல் அவரிடம் அப்போது இருந்தது.

இரண்டாவது, "பேண்டம்".

"பேண்டம் ஆஃப் தி ஓபரா"வில் அவர் செய்தது அப்படி என்ன?

1986 அக்டோபர் 9 அன்று லண்டன் ஹெர் மெஜஸ்டிஸ் தியேட்டரில் திரை எழும்பியது. பாரிஸ் ஓபரா மாளிகையின் அடியில் ஒளிந்து வாழும் முகமூடி மனிதன், அவன் ரகசியமாகப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் கூட்டத்து நடனப்பெண் கிறிஸ்டீன். கூட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தவள் திடீரென நாயகியாகப் பாட வேண்டியிருக்கிறது. பிரைட்மனின் சொந்தக் கதையைத்தான் கொஞ்சம் மாற்றி எழுதினார்களோ என்று தோன்றும், ஆனால் மூலக் கதை 1910 வாக்கில் வந்த பிரெஞ்சு நாவல்.

முகமூடி மனிதனாக நடித்த மைக்கேல் க்ராஃபர்ட் அதுவரை தொலைக்காட்சி நகைச்சுவை நடிகராகவே அதிகம் அறியப்பட்டவர். அவருக்கும் பிரைட்மனுக்கும் பாட்டு வாத்தியார் ஒருவரே, இயன் ஆடம். அந்த வகுப்பு வழியாகத்தான் வேஷம் அவரைத் தேடி வந்தது. தலைப்புப் பாட்டை முதலில் இசைத்தட்டுக்காக பிரைட்மனோடு பாடியவர் ராக் பாடகர் ஸ்டீவ் ஹார்லி. மேடைக்கும் தானே போவோம் என்று எதிர்பார்த்திருந்தவர் பாவம் அவர்.

அந்தத் தலைப்புப் பாட்டின் முடிவை ஒருமுறை கவனமாகக் கேளுங்கள். படகில் ஏரியைக் கடக்கும் காட்சி. "எனக்காகப் பாடு" என்று அவன் ஏவ ஏவ, கிறிஸ்டீன் வார்த்தை இல்லாமல் "ஆ" என்று ஒவ்வொரு படியாக மேலே ஏறுவாள். சுருதியும் கூடவே உயர்ந்துகொண்டே போகும். கடைசியில் நிற்கும் இடம், பியானோவின் நடு சி-யிலிருந்து இரண்டு ஸ்தாயி ஏறி, அதற்கும் மேலே இருக்கும் ஈ. கிட்டத்தட்ட 1,319 ஹெர்ட்ஸ். சாதாரணமாக சொப்ரானோவுக்கு எழுதும்போது அந்த இரண்டாவது ஸ்தாயி சி-யோடு நிறுத்திக்கொள்வார்கள். மொசார்ட் 1791ல் "மாயப் புல்லாங்குழல்" ஓபராவில் இரவு ராணிக்கு எழுதிய புகழ்பெற்ற உச்சம் இதைவிட அரைச் சுரம்தான் அதிகம்.

அதை ஒவ்வொரு நாளும் நேரடியாகப் பாடினாரா?

கைத்தட்டல் போய்விடும் என்று ரசிகர்கள் இதைப் பேச மாட்டார்கள். அந்தக் காட்சியில் மேடை முழுக்கப் புகை, நடிகர்களுக்குப் பதில் ஆட்கள் பாலத்தில் நடப்பார்கள், படகு நகரும். அதனால் அந்தப் பாட்டின் பகுதிகளை முன்கூட்டியே பதிவு செய்து ஒலிக்க விடுவது பல தயாரிப்புகளில் வழக்கம், உச்ச ஈ உட்பட. இது ஏமாற்று இல்லை, மேடை ஏற்பாடு. ஒலிப்பதிவில் பாடியது அவர் தொண்டைதான்.

வாரம் எட்டுக் காட்சி கிறிஸ்டீனாகப் பாடுவது தொண்டைக்குத் தாங்காது. லண்டனில் பிரைட்மன் ஆறு பாட, மீதி இரண்டை கிளேர் மூர் பாடினார். மாற்று கிறிஸ்டீன் என்ற அந்த ஏற்பாடு பின்னால் இந்த நாடகத்தின் நிரந்தர வழக்கமாகிவிட்டது.

அமெரிக்காவில் ஏதோ தகராறு என்கிறார்களே?

ஆமாம். நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேக்கு நாடகம் போகும்போது பிரைட்மன் வரக்கூடாது என்று அமெரிக்க நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டி மறுத்தது. வெளிநாட்டிலிருந்து வரும் நடிகர் உலக நட்சத்திரமாக இருக்க வேண்டும் என்பது விதி, இவர் அந்த அளவுக்கு இல்லை என்பது சங்கத்தின் வாதம். அவர் இல்லையென்றால் நாடகமே வராது என்று லாயிட் வெபர் நின்றார். தன்னுடைய அடுத்த லண்டன் நாடகத்தில் ஓர் அமெரிக்கருக்கு முக்கிய வேஷம் தருவதாக அவர் ஒப்புக்கொண்ட பிறகு விவகாரம் முடிந்தது. 1988 ஜனவரி 26ல் மெஜஸ்டிக் தியேட்டரில் தொடக்கம். நாடகம் அந்த வருடம் ஏழு டோனி விருதுகள் (பிராட்வே நாடகங்களுக்கான விருது) வாங்கியது, க்ராஃபர்டுக்கும் ஒன்று. பிரைட்மனுக்குப் பரிந்துரைகூட இல்லை. அதே நாடகம் 2023 ஏப்ரலில் மூடும்வரை 13,981 காட்சிகள் ஓடியது.

விவாகரத்துக்குப் பிறகு ஏன் ஜெர்மனி?

அங்கே ஃபிராங்க் பீட்டர்சன் இருந்தார். கிரெகோரியன் துறவிகளின் மந்திரப் பாட்டை நடனத் தாளத்தோடு கலந்து உலகெங்கும் விற்ற எனிக்மா குழுவின் முதல் ஆல்பத்தில் வேலை செய்தவர். பழைய ஒலியையும் புதிய ஒலியையும் கூச்சமில்லாமல் ஒட்டத் தெரிந்த ஆள். 1993ல் "டைவ்" ஆல்பத்தில் இருவரும் சேர்ந்தார்கள். லண்டனில் இவர் இன்னும் இசையமைப்பாளரின் முன்னாள் மனைவி. ஜெர்மனியில் அந்தச் சுமை இல்லை.

1995ல் வந்த "எ கொஸ்டின் ஆஃப் ஹானர்" பாட்டைக் கேட்டால் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது புரிந்துவிடும். கதாலானியின் "லா வாலி" ஓபராவிலிருந்து ஒரு பாட்டு, தூர தேசம் போகிறேன் என்று பெண் விடைபெறுவது. அதை அப்படியே பாட ஆரம்பிப்பார். திடீரென டிரம்ஸும் மின் கிட்டாரும் உள்ளே இறங்கும். இரண்டும் சேரவில்லை, மோதுகின்றன. அந்த மோதலைத்தான் விற்றார்கள். குத்துச்சண்டை வீரர் ஹென்றி மாஸ்கேயின் போட்டி ஒன்றில் அது ஒலிக்க, ஜெர்மனி முழுக்கக் கேட்டது.

குத்துச்சண்டைக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

எல்லா சம்பந்தமும். மாஸ்கே கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர், ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், அமைதியான மனிதர். அவருடைய போட்டிகளை ஜெர்மனி குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தது. குத்துமேடைக்கு அவர் வரும்போது வாங்கெலிஸின் இசை ஒலிக்கும். போட்டி என்பதைவிட விழா மாதிரி.

1996 நவம்பர் 23, மியூனிக் ஒலிம்பிக் அரங்கம். மாஸ்கேயின் கடைசிப் போட்டி என்று அறிவித்திருந்தார்கள். அதற்கு ஒரு விடைபெறும் பாட்டு வேண்டும். ஆன்ட்ரேயா பொசெல்லி என்ற இத்தாலியர் இத்தாலியின் 1995 சான்ரெமோ பாட்டு விழாவில் பாடிய "கோன் தே பார்திரோ" பாட்டை பிரைட்மன் ஓர் உணவகத்தில் கேட்டிருந்தார். இசை ஃப்ரான்செஸ்கோ சார்தோரி, வரிகள் லூசியோ குவாரந்தோத்தோ. அதை இருவரும் சேர்ந்து பாட, லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ரா வாசிக்க, பல்லவியின் முதல் வரியை மட்டும் ஆங்கிலத்தில் "டைம் டு சே குட்பை" என்று மாற்றினார்கள்.

அன்றிரவு மாஸ்கே தோற்றார். அதுவரை தொழில்முறையில் ஒரு போட்டிகூடத் தோற்காதவர், அமெரிக்கரான வர்ஜில் ஹில்லிடம், நடுவர்களின் தீர்ப்பு பிரிந்து, மயிரிழையில். அழுதுகொண்டிருந்த அரங்கத்தில் இந்தப் பாட்டு. வீட்டில் தொலைக்காட்சி பார்த்த ஜெர்மானியர்கள் மறுநாள் கடைக்குப் போனார்கள். 14 வாரம் முதலிடம், 25 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனை. மாஸ்கே 2007ல் திரும்பி வந்து அதே ஹில்லை ஜெயித்தார் என்பது உபரித் தகவல். விடைபெறும் பாட்டு விற்றுத் தீர்ந்து பத்து வருடம் கழித்து!

பாட்டில் ஒரு சின்ன இடம். பொசெல்லியின் மூலத்தில் முதல் வரி, தனியாக இருக்கும் ஆண் சொல்வது, "சோலோ". இதில் பிரைட்மன் தொடங்குவதால் அது "சோலா" ஆகிறது, பெண்பால். அந்த முதல் சரணத்தை அவர் கிட்டத்தட்டப் பேச்சு அளவுக்குக் குறைத்துப் பாடுகிறார். பொசெல்லி இரண்டாவது சரணத்தை முழுக் குரலில் எடுப்பார். முடிவுக்கு முன் சுருதி ஒரு படி ஏறும்போதுதான் பிரைட்மன் தன் மேல்மாடிக் குரலைத் திறக்கிறார். மூன்று நிமிடம் காக்க வைத்துவிட்டு.

"நெல்லா ஃபந்தாசியா" எந்த ஓபராவிலிருந்து?

எந்த ஓபராவிலிருந்தும் இல்லை. "தி மிஷன்" படத்துக்காக 1986ல் என்னியோ மோரிகோனே அமைத்த ஓபோ வாத்திய இசை அது. அதற்கு வரிகள் போட்டுப் பாடலாமா என்று பிரைட்மன் கேட்டார், அவர் முடியாது என்றார். கடிதம் மேல் கடிதமாகப் போட்டு, கடைசியில் மனிதர் சலித்துப்போய்ச் சரி என்று சொன்னதாக பிரைட்மனே மேடையில் சொல்லிச் சிரித்திருக்கிறார். கியாரா ஃபெர்ராவ் இத்தாலிய வரிகள் எழுத, 1998ல் "ஈடன்" ஆல்பத்தில் வந்தது. இன்று உலகத்தில் பாட்டுப் போட்டி என்று எங்கே நடந்தாலும் யாராவது இதைப் பாடுகிறார்கள், ஏதோ முந்நூறு வருடப் பழைய ஓபராப் பாட்டு என்று நினைத்துக்கொண்டு.

விமர்சகர்கள் ஏன் இவரைத் திட்டுகிறார்கள்?

சிலது நியாயம், சிலது இல்லை.

நியாயமானது: வார்த்தை தெளிவில்லை. மேல் சுரங்களில் எந்த மொழி பாடுகிறார் என்றே சில சமயம் தெரியாது. வயதாக ஆக அதிர்வு அகலமாகிவிட்டது. சில பாட்டுத் தேர்வுகள் எனக்கே பிடிக்கவில்லை. "நெஸ்ஸுன் தோர்மா" புச்சினி டெனோருக்கு, அதாவது உயர்ந்த ஆண் குரலுக்கு எழுதியது. விடியும்போது நான் ஜெயிப்பேன் என்று ஒருவன் மார்தட்டும் பாட்டு. அதை "ஈடனில்" இந்த மெல்லிய குரலில் கேட்கும்போது, யாரோ தூக்கத்தில் சவால் விடுவதுபோல இருக்கிறது. ஆர்கெஸ்ட்ரா எவ்வளவு முழங்கினாலும் அந்தப் பாட்டு நிற்கவில்லை.

நியாயமில்லாதது: "உண்மையான ஓபரா பாடகி இல்லை" என்ற ஒரே அடி. அப்படி அவர் வேலை பார்க்கவே இல்லையே. "லா லூனா" ஆல்பத்தில் வரும் "ஹிஹோ தே லா லூனா" பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிய பாப் பாட்டு, நிலவிடம் வரம் கேட்ட பெண்ணின் கொடூரமான கதை. ஓபரா குரலில் பாடியிருந்தால் மேடை நாடகமாகிப் போயிருக்கும். இவர் தாலாட்டு மாதிரி பாடுகிறார். கதையின் கொடூரம் அதனால்தான் உறைக்கிறது.

ஏ. ஆர். ரஹ்மான் பாட்டைப் பாடியிருக்கிறாராமே?

பாடியிருக்கிறார். லாயிட் வெபர் தயாரிக்க, ரஹ்மான் இசையமைக்க, 2002ல் லண்டன் அப்பல்லோ விக்டோரியா தியேட்டரில் "பாம்பே ட்ரீம்ஸ்" வந்தது தெரிந்திருக்கும். அதில் டான் பிளாக் வரிகள் எழுதிய "தி ஜர்னி ஹோம்" பாட்டை பிரைட்மன் 2003ல் தன் "ஹேரம்" ஆல்பத்தில் எடுத்துக்கொண்டார். அரபு, இந்திய வாசனை வேண்டும் என்று திட்டமிட்ட ஆல்பம் அது. ஈராக்கியப் பாடகர் காதிம் அல் சாஹிரும் ஒரு பாட்டில் இருக்கிறார். ரஹ்மான் பாட்டின் மெட்டு நேரானது, அலங்காரம் குறைவு. இந்தக் குரலுக்கு நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது. ஆல்பத்தில் புச்சினிமீது தாளம் போட்ட பாட்டைவிட எனக்கு இது மேல்.

இரண்டு ஒலிம்பிக் என்றீர்களே?

1992 பார்சிலோனா நிறைவு விழாவில் ஹோசே கரேராஸோடு "அமிகோஸ் பாரா சியெம்ப்ரே". இசை லாயிட் வெபர், விவாகரத்தாகி இரண்டு வருடம் கழித்து. 2008 ஆகஸ்ட் 8 அன்று பெய்ஜிங் தொடக்க விழாவில் சீனப் பாடகர் லியூ ஹுவானோடு "யூ அண்ட் மீ". அதில் சீன மொழியிலும் பாடினார்.

எத்தனை மொழிகளில் பாடியிருக்கிறார்?

ஆங்கிலம், இத்தாலியம், ஸ்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன், ரஷ்யன், சீனம், ஜப்பானியம் என்று போகும். பேசத் தெரிந்தவை அல்ல, பாடியவை.

விண்வெளிக்கு ஏன் போகவில்லை?

2012 அக்டோபரில் மாஸ்கோவில் வைத்து அறிவித்தார். சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் காசு கொடுத்துப் போகும் பயணி. 2015 ஜனவரியில் ரஷ்யாவின் விண்வெளி நகரத்தில் பயிற்சியும் தொடங்கினார். அங்கிருந்தபடி பாட ஒரு பாட்டுக்கு முன்னாள் கணவரோடு வேலை நடப்பதாகவும் சொன்னார். மே மாதத்தில் குடும்பக் காரணம் என்று சொல்லி விலகிக்கொண்டார். செப்டம்பரில் கிளம்பிய சோயுஸில் கஜகஸ்தான் வீரர் ஐதின் ஐம்பெதோவ் போனார். ஆளாளுக்கு ஊகம் சொன்னார்கள். அவர் சொன்ன காரணமே எனக்குப் போதும். விண்கலச் சிப்பாயிடம் மனதைப் பறிகொடுத்ததாகப் பதினெட்டு வயதில் பாடியவர் ஐம்பத்தி நாலு வயதில் அந்த ஊருக்கே போய் உடுப்பு மாட்டிப் பார்த்துவிட்டாரே, அதுவே பெரிசு.

இப்போது என்ன செய்கிறார்?

2018ல் "ஹிம்" ஆல்பம். 2024ல் ஆஸ்திரேலியாவில், மெல்பர்னிலும் சிட்னியிலும், லாயிட் வெபரின் "சன்செட் புலவார்ட்" நாடகத்தில் நோர்மா டெஸ்மண்டாக மேடையேறினார். முப்பது வருடங்களுக்கு மேல் கழித்து மறுபடி ஒரு மேடைப் பாத்திரம். மௌனப்படக் காலத்து நட்சத்திரம், உலகம் மறந்துவிட்டதை ஏற்க மறுக்கும் பெண். நேரில் பார்க்காத நாடகத்துக்கு நான் மார்க் போட விரும்பவில்லை.

புதிதாகக் கேட்பவர் எதில் ஆரம்பிக்கலாம்?

"பியே ஜேசு". பிறகு "பேண்டம்" முதல் லண்டன் நடிகர்களின் ஒலிப்பதிவு முழுவதும். அப்புறம் "லா லூனா" ஆல்பத்தை வரிசை மாற்றாமல். அதே பெயரில் நடந்த கச்சேரிப் பயணத்தில் பாடகர் ஜோஷ் க்ரோபன் இளைஞராக அவரோடு பாடினார், பின்னால் இதே துறையில் பெரிய பெயர் ஆனார். "ஹேரம்" கடைசியில். தொகுப்பு ஆல்பங்களைத் தவிருங்கள், எல்லாம் உச்சமாகவே இருந்தால் காது களைத்துவிடும்.

"டைம் டு சே குட்பை"யைக் கல்யாணத்தில் போடலாமா? இறுதிச் சடங்குப் பாட்டு என்று ஒருவர் சொன்னார்.

இரண்டு இடத்திலும் போடுகிறார்கள், இரண்டும் சரி. ஆங்கில வரி "விடைபெறும் நேரம்" என்கிறது. ஆனால் அதே பல்லவி முடியும்போது மூல இத்தாலிய வரி அப்படியே இருக்கிறது: "கோன் தே பார்திரோ", உன்னோடு புறப்படுவேன். இதுவரை பார்க்காத நாடுகளுக்கு, கடல்வழியே, கப்பலில், சேர்ந்து போவோம் என்று காதலி சொல்வது. ஆங்கிலத்தில் பிரிகிறார்கள், இத்தாலியத்தில் ஒன்றாகக் கிளம்புகிறார்கள். கல்யாண வீட்டில் யாராவது முகம் சுளித்தால் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கடைசி வரியைக் கேட்கச் சொல்லுங்கள்.